கதவில் நின்ற பாதிச் சொல்

அக்கா,

லூயி-பிளாங் தெருவில் சேலைக் கடைக்காரர் தை மாத மலிவு விற்பனைக்குக் கண்ணாடியில் பெரிய சிவப்பு எழுத்து ஒட்டியிருக்கிறார்: SALE. லண்டன் கடைகளைப் பார்த்து ஒட்டியது. அவருக்கு அது வெறும் விற்பனை. எனக்கோ அது வேறு சொல். மீன் வாங்கப் போனவள் வாங்காமலே நம் கடைக்குத் திரும்பிவிட்டேன். அப்போதிருந்து ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. உங்களுக்கு எழுதினால் அடங்குமோ என்று பார்க்கிறேன்.

இத்தாலியில், பலெர்மோவில் பல வருடம் வீடுகள் துப்புரவாக்கிவிட்டுப் பாரிசுக்கு வந்து, என்னோடு பங்காகப் பலகாரக் கடை போட்டீர்கள். முதல் வாரமே உப்புப் பேணியில் அந்தச் சொல்லை எழுதி ஒட்டினீர்கள். இத்தாலிய மொழியில் அது சாலே, உப்பு.

"ஐயோ அக்கா, அதைக் கிழியுங்கோ. இஞ்சை சால் எண்டு வாசிப்பினம். ஊத்தை எண்டு அர்த்தம்."

"உப்பு எப்பிடியடி ஊத்தையாகும்?" என்று சிரித்துக்கொண்டே கிழித்தீர்கள். வாய் மட்டும் மாறவில்லை. கறியை நாக்கில் வைத்துவிட்டு, "சாலே காணாது" என்பீர்கள்.

என் மகள் தேடிப்பார்த்துப் பிரெஞ்சில் சொன்னாள். நான் உங்களுக்குத் தமிழில் சொன்னேன். இத்தாலியச் சொல் லத்தீன் உப்பிலிருந்து வந்ததாம். பிரெஞ்சுச் சொல் பழைய ஜெர்மானியர் மங்கிய அழுக்கு நிறத்துக்கு வைத்திருந்த பெயரிலிருந்து. ஆங்கிலச் சொல் வடக்கிலிருந்து கடலோடி வந்தவர்கள் கொண்டுவந்தது. மூன்றுக்கும் உறவே இல்லை.

"ஒரே முகம், வேற வேற தாய் வயிறு" என்றீர்கள்.

பிறகு அந்தக் காலை. நாம் குடியிருந்த சார்செலிலிருந்து வழமைபோல ஒன்றாக ரயிலில் வந்து, நடந்து, தெருவுக்குள் திரும்பினோம். நம் கடையின் இரும்புக் கதவில் ஆளுயரத்துக்குக் கறுப்புப் பெயின்ற்: SALE. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒருவரை இழிவாக ஏச இங்கே அந்தச் சொல்லில்தான் தொடங்குவார்கள். அடுத்து வருவது அவருடைய இனம். யாரோ வரும் சத்தம் கேட்டுப் பாதியில் ஓடியிருக்க வேண்டும்.

"அக்கா, இண்டைக்குத் திறக்க வேண்டாம். வீட்டை போவம்."

நீங்கள் கதவைக் கொஞ்சம் உயர்த்தி, குனிந்து உள்ளே போய், சுவருக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்றோடும் முக்காலியோடும் வந்தீர்கள். கதவை மறுபடி இறக்கி, முக்காலியில் ஏறி, கடைசி எழுத்தின் தலையில் சாய்வாக ஒரு கோடு இழுத்தீர்கள். SALÉ. இப்போது அது பிரெஞ்சில் சலே, உப்புச் சுவையுள்ள பண்டம். வடையும் ரோல்சும் விற்கும் கடைக்குப் பொருத்தமான சொல்.

"இனிப்புக்கு என்னெண்டு எழுதுறது? எழுத்தைச் சொல்லு."

நான் அழுதழுது ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். நீங்கள் கேசரிக்கும் லட்டுக்கும் சேர்த்துப் பக்கத்திலேயே SUCRÉ என்று எழுதினீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணி நின்று வாசித்து, எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார்.

"இப்பவே" என்று அவருடைய மொழியில் சொன்னீர்கள்.

பின்னேரம் ரயிலில்தான் உங்கள் கைகளைக் கவனித்தேன். மடியில் கிடந்து நடுங்கின.

"உங்களுக்குப் பயமில்லை எண்டெல்லோ நினைச்சன்."

"பயமில்லாமல் என்னடி? ஆனா பூட்டிப்போட்டுப் போயிருந்தா, மிச்சத்தை நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி."

போன மாரியில் நோய் உங்களைக் கொண்டுபோனது. கடையை நான் தனியே நடத்துகிறேன். தினமும் காலையில் தெருவுக்குள் திரும்புமுன் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். அவன் மிச்சத்தை எழுத வந்திருப்பானோ என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. இப்போது கட்டடத்துக்காரர் எல்லாக் கதவுகளுக்கும் சாம்பல் நிறம் அடிக்கப்போகிறாராம். உங்கள் எழுத்து அடியில் போய்விடும். நம் கதவு வெறுமையாக நிற்கும். அதை நினைத்துத்தான், அக்கா, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சாம்பல் காய்ந்தவுடன், வேறு யாரும் வருமுன், உங்கள் இரண்டு சொல்லையும் மறுபடி எழுத நான் முக்காலியில் ஏறப்போகிறேன். கை நடுங்கும். நடுங்கட்டும்.