பெயர் வாசிக்காத ஞாயிறு

சாமியார் உட்கார்ந்து பாவங்களைக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் புது வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். முழந்தாளிட்டதும் அந்த வாடை மூக்கில் ஏறியது. நீ இருந்திருந்தால், "பாவ நாத்தம் வெளிய தெரியாம இருக்கத்தாண்டி" என்று சிரித்திருப்பாய். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. இப்போதுதான் உன்னிடம் உண்மையைப் பேசத் துணிந்திருக்கிறேன், வெட்கம் கெட்டவள்.

திருவெறும்பூர் குவார்ட்டர்ஸில் நம் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில். ஆனாலும் ஈஸ்டருக்கு முன்னால் பஸ் ஏறி டவுன் கோயிலுக்குத்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவோம். நம் பங்குச் சாமியாருக்கு என் குரல் தெரியும் என்பது நான் சொன்ன காரணம். "அப்படி என்னடி பாவம், டவுன் வரைக்கும் தூக்கிட்டு வர்ற?" என்று கேலி செய்வாய். நானும் சிரிப்பேன். அந்தப் பாவம் உன் மகளைப் பற்றியது.

அவளுக்கு நிச்சயமாகி, கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயர்களை வாசித்த பிறகுதானே நமக்குக் கல்யாணம்? அன்று பூசை முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை என்னிடம் வந்து, "பக்கத்து வீடுதானே, பொண்ணு எப்படிங்க?" என்று விசாரித்தார். அதே குடும்பம் முந்தின வருடம் என் மகளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனது. அந்த எரிச்சல் எனக்குத் தீரவேயில்லை. "தங்கமான பொண்ணுங்க. சின்ன வயசுல வந்த வலிப்புகூட இப்பல்லாம் வர்றதில்லைன்னு சொல்றாங்க" என்றேன். உன் மகளுக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை.

அடுத்த ஞாயிறு புதுச் சேலை கட்டி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். சாமியார் ஓலை வாசித்தார். உன் மகள் பெயர் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அன்று காலைதான் அவருக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "மறந்துட்டாரோடி?" என்று கேட்டாய். நான் கையை எடுக்காமலேயே உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அதன் பிறகு உன்னோடு பதினொரு ஈஸ்டர். ஒவ்வொரு முறையும் "கோபப்பட்டேன் சாமி, பூசைக்குப் பிந்தி வந்தேன், புறணி பேசினேன்" என்று சில்லறைப் பாவங்களுக்கு நடுவில், 'புறணி' என்ற ஒரு சொல்லுக்குள் அதையும் ஒளித்துச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொன்னால் முடிந்தது. நீ சொல்லிவிட்டு வரும்போது மட்டும் கண் சிவந்திருக்கும். நான் ஏனென்று கேட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை எதையும் ஒளிக்கவில்லை. சாமியார் குறுக்கே பேசாமல் கேட்டார். "ஆண்டவர் மன்னிக்கிறார்மா, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா அந்தப் பொண்ணோட பேரைக் கெடுத்தது நீங்க. போய்ச் சொல்லுங்க, அதான் உங்களுக்குப் பரிகாரம்" என்றார். பாவமன்னிப்பு செபத்தை அவர் சொல்லி முடித்தபோது உடம்பே லேசானது. இவ்வளவு பக்கத்தில் இருந்த மன்னிப்புக்கா இத்தனை வருடம் பயந்தேன் என்று அழுதேன்.

மறுநாளே ஸ்ரீரங்கம் போனேன். நான்கு வருடம் தாமதித்து அமைந்த கல்யாணம் என்றாலும் உன் மகள் அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"வலிப்புன்னு யாரோ சொன்னது எங்களுக்கு அப்புறம் தெரிஞ்சுது ஆன்ட்டி. தொட்டியம் மாமாதான்னு அம்மா நெனச்சாங்க. அவர் பையனுக்கு என்னைக் கேட்டுக் குடுக்கலைல்ல, அந்தக் கோவத்துல சொல்லிட்டாருன்னு. கடைசி வரைக்கும் மாமாகூடப் பேசவே இல்ல. 'கூடப் பொறந்தவன மன்னிக்க முடியலையே'ன்னு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் சாமியார்கிட்ட சொல்லி அழுதுட்டு வருவாங்க."

நாளை தொட்டியம் போய் உன் தம்பியிடமும் சொல்லப் போகிறேன். அவர் என் முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தினாலும் சரி. ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார், அதை நம்புகிறேன். ஆனால் பதினொரு வருடம் நீ அழுது அழுது அவரிடம் சொன்ன பாவம் உன்னுடையதே இல்லையடி, என்னுடையது.