அடிக்காமல் ஏன் போகிறான்?

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு மகள் கச்சான் வறுத்தாள். நிலக்கடலைத் தோல் கருகும் அந்த மணம் மாடிக்கு ஏறி வந்ததும், நீங்கள்தான் கீழே நிற்கிறீர்கள் என்று ஒரு கணம் நினைத்து, எரிச்சலோடு இறங்கி வந்தேன். அடுப்படியில் அவள் தனியாக நின்றாள். நீங்கள் இறந்து போய் ஏழு மாதமாகிறது. என் எரிச்சல் மட்டும் இன்னும் போகவில்லை.

அத்தான் இறந்த பிறகு, ரொறொன்ரோ வீட்டில் தனியே கிடக்காமல் இங்கே ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வாருங்கோ என்று உங்களைக் கூப்பிட்டதே நான்தான். மூன்று வருடம் எங்களோடு இருந்தீர்கள். அப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த என் மகள் என்னோடு பேசுவதெல்லாம் ‘ஓம்’, ‘பிறகு’ என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஞாயிறுதோறும் அமெரிக்காவிலிருந்து டிவியில் நேரடியாகக் காட்டும் பேஸ்போல் ஆட்டத்துக்கு மட்டும் அறையை விட்டு வெளியே வருவாள். நீங்கள் வந்த இரண்டாவது கிழமையே கச்சான் தட்டோடு அவள் பக்கத்தில் போய் இருந்துவிட்டீர்கள்.

“அவன் பந்தை அடிக்காமலே ஏன் பிள்ளை போறான்?” என்று கேட்பீர்கள். எறிகிறவன் நாலு பந்தைப் பிழையாக எறிந்தால், அடிக்க நிற்பவன் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்து போகலாம் என்று அவள் விளக்குவாள். அடுத்த கிழமையும் அதே கேள்வி. அவளும் அலுக்காமல் மறுபடி சொல்லுவாள். அதிலிருந்து பேச்சு அவளுடைய வேலைக்குப் போகும், மேலதிகாரிக்குப் போகும், ஒருநாள் அவள் விரும்பிய பையன் வரைக்கும் போனது. பெற்றவள் நான் கோப்பை கழுவியபடி அடுப்படியில் நின்று அதைக் கேட்டேன். வயிறு எரிந்தது அக்கா. மண்டைக்குள் ஒன்றுமே ஏறாத மனுசி என்று உங்களை மனதுக்குள் திட்டினேன். அங்கே நின்றே அந்த விளையாட்டின் சட்டம் முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது.

போன ஞாயிறு நான் உங்கள் இடத்தில் போய் இருந்தேன். ஆட்டக்காரன் ஒருவன் மட்டையைப் போட்டுவிட்டு நடந்தான். எல்லாம் தெரிந்துகொண்டே, “ஏன் பிள்ளை அடிக்காமல் போறான்?” என்று கேட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். ஆட்டம் முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். நீங்கள் விளங்காமல் கேட்டுப் பெற்றதை நான் விளங்கியே கேட்டுப் பெற்றுவிட்டேன் என்று எனக்குப் பெரிய பெருமை. ஒரு விசயத்திலாவது அக்காவை வென்றேன் என்று நினைத்தேன்.

நேற்று உங்கள் மகன் ரொறொன்ரோவிலிருந்து அழைத்தான். பெரியம்மாவுக்குக் கடைசி வரைக்கும் அந்த விளையாட்டு விளங்கவே இல்லை என்று மகள் சொல்வதை அவனுக்குச் சொல்லிச் சிரித்தேன்.

“என்ன கதை சித்தி? எங்களுக்கு பேஸ்போல் பழக்கினதே அம்மாதான். இருபது வருசம், ஒரு ஆட்டம் விடமாட்டா” என்றான்.

மூன்று வருடமும் அந்த ஒரே கேள்வியைக் கேட்டீர்களே, முகத்தில் ஒருமுறையாவது காட்டினீர்களா? என் பிள்ளையைப் பேசவைக்க எனக்கென்று ஒரு தந்திரம் கிடைத்தது என்று இருந்தேன். அதுவும் உங்களுடையதுதான். மகளிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நாளைக்கு ஞாயிறு. கச்சான் வாங்கி வைத்திருக்கிறேன். நானாக வேறு ஒரு கேள்வி கேட்கலாம் என்று காலையிலிருந்து யோசிக்கிறேன், ஒன்றும் வரவில்லை. பொறாமையோடுதான் அக்கா, நாளைக்கும் உங்களுடையதையே கேட்கப் போகிறேன்.