மூன்று விரல் பூச்சு

குளுவாங்,
14 ஜூலை 2025, திங்கள்.

அண்ணன் கனகராஜுக்கு,

தங்கை தவமலர் எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் நன்றாக இருப்பதாக ஷாமளா அண்ணி போனில் சொன்னார்கள். சனிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னார்கள். இரண்டில் எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் படம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் வட்டம்தான் இருக்கிறது. போன் போட்டால் ஒரு தடவை அடித்து நின்றுவிடுகிறது. பேனாவை உங்களால் ப்ளாக் செய்ய முடியாதே, அதனால் இந்தக் கடிதம். நம்மோடு பேனல் தூக்கும் ஜெயபாலனிடம் கொடுத்து செடெனாக்கில் உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன். கையில் வாங்க மறுத்தால் உங்கள் லோரியின் வைப்பரில் செருகிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். மழை வந்தாலும் வரும் என்று பிளாஸ்டிக் பையில் போட்டிருக்கிறேன்.

இது மன்னிப்புக் கேட்கும் கடிதம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை தேடிப் பார்த்து ஏமாற வேண்டாம். மெயின் காண்ட்ராக்டரின் ஆளும் டயாலிசிஸ் நிலையத்துத் தாதியும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் ஜாயிண்டை மறைத்து ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்ட்ரிப்பைச் சுவரிலிருந்து பிய்த்து எறிந்தது நான்தான். கோபத்தில்தான் பிய்த்தேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று அண்ணி கேட்கிறார்கள். எத்தனை தடவை கூப்பிடுவது, அண்ணா?

‘கூடப் பொறந்தவளே என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டா’ என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாம். சொல்லுங்கள். ஆனால் நீங்கள் சொல்லும் கதையில் பாதி விட்டுப்போகிறது. அந்தப் பாதியை நான் எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

டயாலிசிஸ் நிலையத்துக்காக அந்த மாடியில் பதினேழு பேனல் வைத்து ஒரு நீளச் சுவர் எழுப்பினோம். ஒவ்வொன்றும் மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். மேல் முனையை இரும்புக் கிளிப் வைத்து உத்தரத்தோடு இறுக்க வேண்டும், அது உங்கள் வேலை. பேனலுக்கும் பேனலுக்கும் நடுவில் வரும் ஜாயிண்டை அடைத்து, வலை டேப் ஒட்டி, பூசி மறைப்பது என் வேலை. நீங்கள் கிளிப் அடிப்பதற்கு முன்னால் சீலிங் ஆட்கள் வந்து மேலே பலகை போட்டு மூடிவிட்டார்கள். அதைத் திறக்கச் சொன்னால் நாலு நாள் போய்விடும் என்று நீங்கள் விட்டுவிட்டீர்கள். ‘மேல கட்டைய சொருகியாச்சு, ஃபோமும் அடிச்சாச்சு, எங்க ஓடிடப் போகுது’ என்றீர்கள். அன்றைக்கே நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

நான் பூசி முடித்த நாலாவது நாள் ஜாயிண்டில் முடி அளவுக்குக் கோடு விழுந்தது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் டேப் ஒட்டிப் பூசினேன். மறுபடியும் அதே இடத்தில் கோடு. பதினோரு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். என் ஜாயிண்ட் ஒரு தடவை விரிந்தால் என் கை சரியில்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்வேன். இரண்டாவது தடவையும் விரிந்தால் சுவர் ஆடுகிறது என்று அர்த்தம். உங்களுக்குப் போன் போட்டேன். ‘மேல ஸ்ட்ரிப் ஒட்டு மலரு, கண்ணுக்கே தெரியாது லா’ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள்.

ஸ்ட்ரிப்பை நான் குறை சொல்லவில்லை. நல்ல பொருள்தான். கெலாங் பாத்தா பள்ளிக்கூடத்தில் நாமே எத்தனை அறைக்கு ஒட்டியிருக்கிறோம், இன்றைக்கும் வரிசையாக அழகாக இருக்கிறது. நிற்கிற சுவரில் ஒட்டினால் அது அலங்காரம். ஆடுகிற சுவரில் ஒட்டினால் அது பொய். என் கையால் அந்தப் பொய்யை ஒட்டமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதனால்தான் ஜூலை ஒன்றாம் தேதி பிளாஸ்டரைக் குழைத்து, ஜாயிண்டுக்குக் குறுக்கே மூன்று விரலால் இழுத்துவிட்டேன். பதினாறு ஜாயிண்ட், பதினாறு பூச்சு, பக்கத்தில் பென்சிலால் தேதி. சுவர் நின்றால் பூச்சும் நிற்கும், சுவர் அசைந்தால் பூச்சு நடுவில் விரிந்துவிடும். இந்த வித்தையை எனக்குச் செய்து காட்டியதே நீங்கள்தான். ‘சந்தேகமா இருந்தா செவுத்துக்கிட்டயே கேளு’ என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொன்னீர்கள். நான் கேட்டேன், அவ்வளவுதான்.

அடுத்த நாள் நடந்த கூத்தைக் கேட்டால் கோபத்திலும் சிரித்துவிடுவீர்கள். நிலையத்தின் தலைமைத் தாதி லோஷினி, நாமெல்லாம் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறோமே, அவர் காலையில் இடத்தைப் பார்க்க வந்திருக்கிறார். சுவர் முழுக்க வெள்ளையாக மூன்று மூன்று கோடு. விபூதி என்று நினைத்துவிட்டார். நோயாளிகள் வரப்போகிற இடம், காண்ட்ராக்டர் சாமி கும்பிட்டுப் பட்டை போட்டிருக்கிறார் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கைப்பையிலிருந்து குங்குமத்தை எடுத்துப் பதினாறு பூச்சுக்கும் நடுவில் பொட்டு வைத்துவிட்டார். அதோடு விட்டாரா, பெயிண்ட் அடிக்கும் இந்தோனேசியப் பையன்களைக் கூப்பிட்டு, ‘ஜாங்ஙான் பாடாம், அழிக்கக் கூடாது, இது சாமி’ என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் பயபக்தியோடு ஒவ்வொரு பூச்சையும் சுற்றிப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஒரு பையன் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தான்.

நான் மிஸ்ஸியிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் துடைத்துவிடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். சாமி பெயரில் பத்து நாள் பொய் சொல்லியிருக்கிறேன். அதற்கு வேண்டுமானால் கோயிலில் போய் மன்னிப்புக் கேட்கிறேன், உங்களிடம் இல்லை.

ஒன்பதாம் தேதி பார்த்தேன். பதினாறில் பதினொன்று விரிந்திருந்தது. குங்குமப் பொட்டு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. ஒவ்வொன்றாகப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் பார்த்ததற்கு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. மத்தியானம் நானே கூப்பிட்டேன். சனிக்கிழமை சாவி கொடுத்தாக வேண்டும், அப்போதுதான் கெலாங் பாத்தாவில் அந்தத் தொழிலாளர் ஹாஸ்டல் வேலை கிடைக்கும், இரண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை என்றீர்கள். மாட்டேன் என்றேன். ‘அப்ப நானே ஒட்டிக்கிறேன்’ என்றீர்கள். வெள்ளிக்கிழமை என் மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருந்த நேரம் பார்த்து வந்து, அந்தக் குங்குமத்தின் மேலேயே பதினாறு ஸ்ட்ரிப்பும் ஒட்டிவிட்டீர்கள். நேராக ஒட்டியிருந்தீர்கள், அதையும் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை நான் பிய்க்க வேண்டும் என்று நினைத்து வரவில்லை, நம்பினால் நம்புங்கள். ஹேமநாதன் மெயின் காண்ட்ராக்டர் சார்பில் பேனாவும் பேப்பருமாகச் சுற்றி வந்தார். மிஸ்ஸி சுவரைப் பார்த்துவிட்டு, ‘விபூதி வச்சிருந்தீங்களே, ஏன்ணே மூடிட்டீங்க’ என்று உங்களிடம் கேட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே, ‘அழகுக்குத்தான் மிஸ்ஸி’ என்றீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிய்த்துவிட்டேன். பாவம் மிஸ்ஸி, பிளந்த பொட்டைப் பார்த்து அபசகுனம் என்று பயந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இது விபூதி இல்லை, பிளாஸ்டர் என்று நான் அப்போதுதான் சொன்னேன். ஹேமநாதன் பேனலை உள்ளங்கையால் அழுத்தினார். ஜாயிண்ட் திறந்து மூடியது. திரும்பிப் பார்த்தால் நீங்கள் லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

அந்தச் சுவரில் சாய்த்து ஐந்து நாற்காலி போடப்போகிறார்கள். ஐந்து தலைக்கும் மேலே மருந்து அலமாரி வரப்போகிறது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், இல்லாமல் போகாது. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த ஒரு நாள் ஃபயர் அலாரம் அடித்தது. நீங்களும் நானும் படியிறங்கி ரோட்டுக்கு ஓடிவிட்டோம். கீழே வந்த பிறகுதான் அப்பா கையில் இரண்டு ஊசியோடு மேலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைவு வந்தது. தவறாக அடித்த அலாரம்தான். திரும்பி ஏறிப் போனபோது, ‘வந்துட்டீங்களா’ என்று மட்டும் கேட்டார். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் இன்றுவரை பேசியதில்லை. நான் மறக்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்கிறவர்களால் எழுந்து ஓட முடியாது, அண்ணா. அதற்காக நீங்கள் என்னோடு ஆயுசுக்கும் பேசாமல் இருந்தாலும் சரி, திரும்ப அந்தச் சனிக்கிழமை வந்தாலும் அந்த ஸ்ட்ரிப்பைப் பிய்ப்பேன்.

நீங்கள் நிற்காமல் போனதால் உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஹேமநாதன் வேலையைப் பிடுங்கவில்லை. இருபத்தெட்டாம் தேதிவரை நேரம் கொடுத்திருக்கிறார். மேலே கிளிப் அடித்து, புதுப் பூச்சு ஒரு வாரம் விரியாமல் நின்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ஹாஸ்டல் வேலையைப் பற்றியும் அதற்குப் பிறகு பேசலாம் என்றார். இதைச் சொல்ல உங்களை மூன்று தடவை கூப்பிட்டாராம். அவர் நம்பரையுமா ப்ளாக் செய்தீர்கள்?

நேற்று ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஜெயபாலனும் நானும் சீலிங் பலகையைக் கழற்றினோம். நீங்கள் சொருகிய கட்டைகளில் மூன்று தானாகவே விழுந்து கிடந்தது. படம் எடுக்கவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. நீங்கள் வந்து உங்கள் கண்ணால் பார்த்தால் போதும்.

சைட்டில் மேசைமேல் உங்கள் பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். இதோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். கோபத்தை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை இன்றைக்கே போடுங்கள். அண்ணி பயந்துபோய் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எரிந்து விழாதீர்கள். என்னோடு பேசியது அவர்கள் குற்றம் இல்லை, நான்தான் கூப்பிட்டேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளிப் அடிக்க ஆரம்பிக்கிறோம். பெரிய டிரில் உங்கள் லோரியில் இருக்கிறது. நீங்கள் கொண்டுவராவிட்டால் ஹார்ட்வேர் கடையில் வாடகைக்கு எடுத்துக்கொள்வோம். நீங்கள் வந்தாலும் அடிப்போம், வராவிட்டாலும் அடிப்போம். டிரில் இல்லை என்று சொல்லி யாரும் என்னை மிரட்ட முடியாது.

சாயங்காலம் பூச்சு இழுக்க வேண்டும். பதினைந்து ஜாயிண்டுக்கு நான் இழுத்துவிடுவேன். ஓரத்தில் ஜன்னல் பக்கம் இருக்கும் பதினாறாவதை விட்டுவைப்பேன். அதற்கென்று பிளாஸ்டரைத் தனியாக ஐந்து மணிக்குக் குழைப்பேன். குழைத்தால் கால் மணி நேரத்தில் இறுகிவிடும், உங்களுக்குத் தெரியாததா. மிஸ்ஸியும் இருப்பார். விபூதி இல்லை என்று சொன்ன பிறகும் குங்குமம் கொண்டுவருகிறேன் என்கிறார், நான் தடுக்கவில்லை.

உங்கள் மூன்று விரலால் இழுத்துவிடுங்கள், அண்ணா. பக்கத்தில் தேதியை நான் எழுதுகிறேன். ஒரு வாரம் கழித்து இரண்டு பேருமாகப் போய்ப் பார்ப்போம்.

அந்தச் சுவர் நிற்க வேண்டும், நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

மன்னிப்புக் கேட்காத உங்கள் தங்கை,
தவமலர்