இருபத்தொன்றாவது தட்டு

ஜூலை 12, சனி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பெருமை தருவதை எழுதிவிட்டு வெட்கம் தருவதை விட்டுவிட மாட்டேன். தமிழில்தான் எழுதுவேன். ஈரோட்டில் நாலாம் வகுப்பு வரை படித்த தமிழ் மறக்கக் கூடாது என்பது ஒரு காரணம். பள்ளியில் யாராவது எட்டிப் பார்த்தால் புரியாது என்பது இன்னொரு காரணம். இரண்டும் உண்மை.

இன்று அம்மாவுடன் சான்டா கிளாராவில் ஒரு வீட்டுக்குப் போனேன். அம்மா சீர்த்தட்டு அலங்காரம் செய்கிறார். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து எதுவானாலும் பழம், வளையல், இனிப்பு, மஞ்சள் கிழங்கு என்று தட்டு தட்டாக அடுக்கி, அதிலேயே மயிலும் கோபுரமும் கொண்டுவந்துவிடுவார். பழைய படங்களைக் காட்டித்தான் ஆர்டர் பிடிக்க வேண்டும். படங்கள் இருப்பது அப்பாவின் ஆபீஸ் கழித்துப்போட்ட லேப்டாப்பில். அதன் ஒரு பக்கக் கீல் உடைந்துவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறோம். பேட்டரியும் செத்துவிட்டது. அதனால் யார் வீட்டுக்குள் போனாலும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "பிளக் பாயின்ட் எங்கங்க இருக்கு?"

இன்று பிளக் பாயின்ட் சோபாவுக்குப் பின்னால் இருந்தது. அந்த வீட்டு அங்கிள் சோபாவை நகர்த்திக் கொடுத்தார். லேப்டாப் உடனே அப்டேட் ஆகத் தொடங்கியது. அணைக்காதீர்கள் என்றது. பன்னிரண்டு சதவீதத்தில் காபி வந்தது. இருபதில் முறுக்கு வந்தது. இருபத்தேழில் அந்த ஆன்ட்டி சிரித்துக்கொண்டே, "போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்களேன். பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்.

காரில் அம்மா, "பாத்துட்டுச் சொல்றோம்னா சொல்ல மாட்டோம்னு அர்த்தம் கண்ணு" என்றார். இது மூன்றாவது முறை.

ஃப்ரீவேயில் ஏறியதும், "பேசாம இந்த ஆடியோட நிறுத்திக்கலாம்னு இருக்கு" என்றும் சொன்னார். சாலையைப் பார்த்தபடிதான் சொன்னார்.

நிறுத்துவதா? நாலு வருஷம் ஒர்க் பெர்மிட்டுக்குக் காத்திருந்து, அது தபாலில் வந்த அன்றைக்கே முதல் தட்டை அடுக்கியவர் என் அம்மா.

ஜூலை 13, ஞாயிறு

சாப்பிடும்போது நானே பேச்சை எடுத்தேன். லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு டேப்லெட் வாங்கலாம் என்றேன்.

அப்பா சிரித்தார். "கீபோர்டு இல்லாததுல என்ன வேலை பண்ண முடியும்? அது படம் பாக்குற சாமான், தென்றல்."

"அம்மா எங்கப்பா டைப் பண்றாங்க? படம்தானே காட்டறாங்க?"

அப்பா சாம்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாக கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவருக்கு இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. (இது பெருமை. எழுதியாகிவிட்டது.)

ஜூலை 26, சனி

வாங்கிவிட்டோம்!

இங்கே மில்பிடாஸில், நாங்கள் எப்போதும் போகும் கடையில்தான். அப்பா வைஃபை மட்டும் உள்ளதைக் கையில் எடுத்தார். நான் சிம் போடுவதுதான் வேண்டும் என்றேன். போகிற வீட்டிலெல்லாம் பிளக் பாயின்ட் கேட்டது போதாதா, இனி வைஃபை பாஸ்வேர்டு வேறு கேட்க வேண்டுமா? கடைக்காரப் பெண் என் பக்கம் தலையாட்டினாள். எழுதுகிற பேனாவும் சேர்த்து வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ரசீதை ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தால் ஒட்டினார். ஆகஸ்ட் 25 என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

"முப்பது நாள். அதுக்குள்ள ஒரு விசேஷத்த முழுசா இத வெச்சே முடிச்சுக் காட்டுங்க. இல்லைன்னா ரிட்டர்ன்."

அம்மா, "ரிட்டர்ன் பண்ணா தொழிலையும் சேத்து மூட்ட கட்டிடறேன்" என்றார். விளையாட்டாகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் முகம் சிரிக்கவில்லை.

பெயர் வைக்கும் படலம்: டேப்லெட் என்றால் பிரஷர் மாத்திரை மாதிரி இருக்கிறதாம் அம்மாவுக்கு. கைக்கணினி என்று தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். வாயில் நுழையவில்லையாம். கடைசியில், "தட்டு மாதிரி இருக்குது, தட்டுனா வேல செய்யுது. தட்டுன்னே வெச்சுக்கலாம்" என்றார். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அப்பா உடனே, "ஆக, இனிமே தட்டத் தூக்கிட்டு வீடு வீடா போகப் போற" என்றார்.

அம்மா எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினார். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை.

ஜூலை 27, ஞாயிறு

அப்பா "ஸாரி" சொன்னார். பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல.

ஜூலை 30, புதன்

இன்று முழுவதும் லேப்டாப்பில் இருந்தவற்றைத் தட்டுக்கு மாற்றினேன். நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். விசேஷ வாரியாகப் பிரித்தேன். ஆர்டர் எழுத ஒரு படிவமும் செய்தேன். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பேனாவால் எழுதினால் போதும், மொத்தம் எத்தனை என்று அதுவே எண்ணிக்கொள்ளும்.

அம்மாவின் பழைய பட்டியலில் கடைசிக்கு முன்னால் எப்போதும் ஒரு காலி வரி இருக்கிறது. கவனக்குறைவு போலும். நீக்கிவிட்டேன். இப்போது பட்டியல் அழகாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டோம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த, அம்மாவுக்குத் தெரிந்த எழிலரசி ஆன்ட்டி, இன்றைக்குப் பேசலாம் என்று அரை மணி தூரத்தில் இருக்கும் டப்ளினுக்கு வரச் சொன்னார். அவருடைய மூன்று வயது மகள் வெண்பாவுக்குக் காதுகுத்து. இருபத்தொரு தட்டு! அம்மாவுக்கு இதுவரை வந்ததிலேயே பெரியது பதினொன்று.

உள்ளே போனோம். அம்மா உட்கார்ந்தார். பிளக் பாயின்ட் கேட்கவில்லை. அதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

பிறகு ஒரு அதிசயம் நடந்தது. லேப்டாப் இருந்தபோது எல்லோரும் எழுந்து வந்து அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். இன்று தட்டு கைமாறிக் கைமாறிப் போயிற்று, நிஜத் தட்டில் பலகாரம் போவது போல. எழிலரசி ஆன்ட்டி பார்த்துவிட்டு மாமியாரிடம் கொடுத்தார். மாமியார் மாமனாரிடம் கொடுத்தார். வெண்பா ஒரு மயிலின் மேல் விரல் வைத்து, "பீகாக் வேணும்" என்றாள். அம்மா அங்கேயே பேனாவால் அந்த மயிலுக்கு வெற்றிலைத் தோகை வரைந்து காட்டினார்.

"ஏனுங்க வான்மதி, இத்தன நாளு இத எங்க வெச்சிருந்தீங்க?" என்றார் மாமியார்.

ஆர்டர் நமக்குத்தான்! தட்டின் மேல் விரலாலேயே கையெழுத்து வாங்கினோம்.

ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. காதுகுத்தில் குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். சீரும் அவர் கொண்டுவருவதுதான் முறை. ஆன்ட்டியின் அண்ணன் சேனாபதி மாமா ஈரோட்டுப் பக்கம் கோபியில் இருக்கிறார். அவருக்கு விசா நேர்காணல் தேதியே கிடைக்கவில்லை. "அண்ணன் பேருல சீரையாவது நெறைவா வெச்சிடணுங்க. எண்ணி இருபத்தொண்ணு இருக்கோணும். அவரு போன்ல பாப்பாரு" என்று சொல்லிவிட்டு ஆன்ட்டி வெண்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

விசேஷம் ஆகஸ்ட் 24. ரசீதின் தேதிக்கு முந்தைய நாள். அப்பாவிடம் சொன்னபோது காலண்டரைப் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஒன்பதாம் வகுப்பு தொடங்கியது. லைப்ரரி பெரியது. வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

வீடு முழுவதும் பழ வாசனை. அம்மா தட்டைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, வரைந்ததைப் பார்த்துப் பார்த்து அடுக்கினார். மாவுக்கையால் தொட்டார், துடைத்தார், மறுபடி தொட்டார். நான் படிவத்தை வாசித்து ஒவ்வொன்றாக டிக் போட்டேன். மொத்தம் இருபத்தொன்று. எல்லாவற்றையும் வேனில் ஏற்றிவிட்டோம். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா எப்போதும் கொண்டுபோகும் காலித் தட்டு ஒன்றும் ஏறியது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் இதை எழுத மாட்டேன்.

டப்ளினில் அவர்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸ். காலை ஒன்பதே முக்கால். வாசலில் தட்டுகளை வரிசையாக வைத்தோம். பத்து மணிக்கு ஊர்வலமாக உள்ளே எடுத்துப்போக வேண்டும். எழிலரசி ஆன்ட்டி விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார்.

"இருபதுதானே இருக்குது?"

நான் பெருமையாகத் தட்டில் இருந்த படிவத்தைக் காட்டினேன். "இருபத்தொண்ணு ஆன்ட்டி. பாருங்க."

ஆன்ட்டி கடைசி வரியைப் படித்தார். "ஏம்மா, இது ஆரத்தித் தட்டு. ஆரத்தியச் சீர்ல சேப்பாங்களா?"

அந்தக் காலி வரி! அது கவனக்குறைவு இல்லை. சீரையும் ஆரத்தியையும் அம்மா பிரித்து வைத்த வரி. ஆரத்தி திருஷ்டி கழித்து வெளியே கொட்டுவது, அது எப்படிச் சீராகும்? நான் அந்த வரியை எடுத்ததால் ஆரத்தி மேலே ஏறி எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது. இரட்டைப்படையில் சீர் வைக்கவே கூடாது. ஆன்ட்டியின் கண் நிறைந்துவிட்டது. "அண்ணனும் வரல. சீரும் கொறையா?"

அப்பா வேன் பக்கத்தில் நின்றுகொண்டு என் கையிலிருந்த தட்டையே பார்த்தார். நாளைக்கே ரிட்டர்ன் என்று நினைத்துக்கொண்டேன்.

"நாந்தான்மா. அந்தக் காலி வரிய நாந்தான் எடுத்தேன்" என்றேன். அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான்.

"பத்தொம்பதா வெச்சுக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கொறைக்கறதா? கூட்டிடலாம்" என்றார் அம்மா. "எழில், அண்ணன் இப்ப லைன்ல இருக்காரா?"

"போன்ல கூப்பிட்டுப் பாத்தோம். இங்க வைஃபை பாஸ்வேர்டு யாருக்கும் தெரியல. என் போன்ல படம் நிக்கவே மாட்டேங்குது."

"தென்றல், தட்டக் குடு. ஏங்க, நீங்க வேன்ல இருக்கற காலித் தட்ட எடுங்க."

அப்பா ஓடினார். நிஜமாகவே ஓடினார். அம்மா காலித் தட்டில் பட்டுத்துணி விரித்து, சுற்றிலும் வெற்றிலை அடுக்கி, மல்லிகைச் சரம் வளைத்து, நடுவில் நம் தட்டைத் தேங்காய் மேல் சாய்த்து வைத்தார். அதில்தான் சிம் இருக்கிறதே! இரண்டாவது மணியிலேயே சேனாபதி மாமா வந்துவிட்டார். கோபியில் இரவு பத்தே கால். பட்டு வேட்டி, தலைப்பாகை, நெற்றி நிறையத் திருநீறு, எல்லாம் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி, கேக்குதுங்களா? என்னைய எங்க வெச்சிருக்கறீங்க?"

"சீர்த்தட்டுலதான்ணா" என்று எழிலரசி ஆன்ட்டி அழுதுகொண்டே சிரித்தார். "நீங்கதான் இருபத்தொண்ணாவது தட்டு."

அம்மா சொன்னார்: "சீர் கொண்டாற வேண்டியவரு வரலைன்னாத்தான் அது கொறை. இப்ப அவரே வந்துட்டாரு."

தூக்க ஆள் போதவில்லை. அப்பா கையில் வாழைப்பழத் தட்டைக் கொடுத்தார்கள். அவர் அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சரிந்துவிடுமோ என்று குனிந்து பார்த்தபடியே நடந்தார். வீடு வீடாகத் தட்டைத் தூக்கிப் போவதைப் பற்றிப் பேசியவர். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன். சேனாபதி மாமாவை நான் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனேன்.

காது குத்த வந்தவர் நாகமணி ஆன்ட்டி, நர்ஸ். குழந்தை மாமன் மடியில் உட்கார வேண்டும் அல்லவா? இன்று மாமன் குழந்தையின் மடியில் உட்கார்ந்தார். வெண்பா தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் காதில் குத்தியதும் கூரை அதிர அழுதாள். மாமா, "குட்டி, இங்க பாரு, மாமனும் குத்திக்கறேன்" என்று துணிக்குப் போடும் கிளிப்பை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு, "ஐயோ! அம்மா!" என்று கத்தினார். தலைப்பாகை கழன்று விழுந்தது. வெண்பா விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாவது காது குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை.

எழிலரசி ஆன்ட்டியின் மாமியார் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த ஊர்ச் சீர்லயும் இப்பிடி ஒரு தட்டப் பாத்ததில்லீங்க" என்றார். மூன்று பேர் அம்மாவின் நம்பரைக் கேட்டு வாங்கினார்கள்.

வேனில் திரும்பும்போது அம்மா, "அந்த வரியப் பத்தி நான் உனக்குச் சொல்லியிருக்கணும் கண்ணு" என்றார். நான் கேட்டிருக்க வேண்டும். இருவர் மேலும் தப்பு என்று எழுதினால் என் பங்கு குறைந்துவிடும். ஆகவே: தப்பு என்னுடையது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காலி வரியை அதன் இடத்தில் திரும்ப வைத்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பள்ளியிலிருந்து வந்ததும் ஃப்ரிட்ஜைத்தான் பார்த்தேன். காந்தம் இருந்தது. ரசீதைக் காணோம்.

அப்பா கடைக்குப் போய்விட்டாரோ? சாப்பாட்டு மேசைக்கு ஓடினேன். ரசீது அங்கே கவிழ்ந்து கிடந்தது. அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது யாரோ ஆர்டருக்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த அப்பா எடுத்திருக்கிறார். அவசரத்துக்குக் கையில் அகப்பட்ட தாளில் எழுதியிருக்கிறார். அவருடைய சாய்ந்த கையெழுத்து, அதே சிவப்பு மை:

"சான்டா கிளாரா. வளைகாப்பு. செப். 14. தட்டு 21. ஆரத்தி தனி."

'தனி'யின் கீழே இரண்டு கோடு.

லேப்டாப்பை அப்பா வேனில் வைத்துவிட்டார், நாளை ரீசைக்கிளிங்குக்கு. ரப்பர் பேண்டை மட்டும் கழற்றி இந்த நோட்டுக்குப் போட்டுக்கொண்டேன்.

மணி ஒன்பதரை. அம்மா தட்டில் வளையல் மயில் ஒன்று வரைகிறார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்து கொஞ்சம் நீளம் என்கிறார். "எழுதுனது போதும், தென்றல்" என்று இங்கே பார்த்துச் சொல்கிறார். எழுந்து வருகிறார். விளக்கை அணைத்துவி...