ஒரு படத்துக்கு ஆறு மணி நேரம்

திருமுல்லைவாயில்,
14.9.1997

அன்புள்ள மாப்பிள்ளை லட்சுமணனுக்கு, மாமா குணசேகரன் எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா?

உங்கள் கடிதம் மகள் பஞ்சவர்ணத்தின் கண்ணில் படாமல் என் கைக்கு வந்தது. கட்டட வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று மதிப்பிடுவது உங்கள் உத்தியோகம். ஒரு வரைபடத்துக்கு ஆறு மணி நேரம் போதுமே, அவள் பத்து மணி நேரம் ஆபீஸில் என்ன செய்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு எனக்கும் சந்தேகம் வந்தது. ஆபீஸ் வேனில் கடைசியாக இவளை மட்டும் கொண்டுவந்து விடும் டிரைவர் வரதன் மேல்கூட.

மூன்று நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் ஆபீஸுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தேன். "இன்னா பெருசு, அந்த கேட்டையே பாத்துகினு கீறே, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கடைக்காரர் கேலி செய்தார். மூன்றாம் நாள் உள்ளேயே போய், என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

லண்டன் கம்பெனி ஒன்றுக்காக முழுக் கட்டடத்தையும் கம்ப்யூட்டரில் எழுப்புகிறார்கள். இவள் வரைந்த குழாய் வேறொருவர் வரைந்த உத்தரத்துக்குள் புகுந்து நிற்கிறது. எந்தப் பக்கம் நகர்த்துவது என்று லண்டனுக்கு ஃபேக்ஸ் போகிறது. அங்கே ஆபீஸ் திறக்கவே நமக்கு மதியம் தாண்டிவிடும். பதில் வர மாலை ஐந்து. அதற்குப் பிறகுதான் திருத்தம். வேனும் முகப்பேர், கள்ளிக்குப்பம் சுற்றித்தான் நம் வீட்டுக்கு வருகிறது.

ஒரு பரீட்சைத்தாள் திருத்த எனக்கு ஐந்து நிமிடம். சந்தேகமான விடையோடு தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நின்ற நேரத்தை நான் சேர்த்ததே இல்லை. நீங்களும் வரைகிற நேரத்தை மட்டும் எண்ணிவிட்டீர்கள்.

முதல் நாளே ஜன்னல் வழியாக என்னைப் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் இரவு "அவர் அனுப்பினாராப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து தினமும் என் மேசையில் ஒரு தாள் வைக்கிறாள். 9.10 உள்ளே. 1.20 சாப்பாடு. 5.05 ஃபேக்ஸ். 7.15 வேன். கீழே கையெழுத்து. "அவருக்கு அனுப்பிடுங்க" என்கிறாள். பதினொரு தாள் சேர்ந்துவிட்டது. நான் அனுப்பவில்லை.

நேற்று அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் என் கண் கடிகாரத்துக்குப் போனது. அதையும் பார்த்துவிட்டாள்.

மாப்பிள்ளை, அவளுக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் ஒரு கேள்வியும் வேண்டாம். நீங்கள் இருவரும் நன்றாயிருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
குணசேகரன்