கண்மாய்க்கரைக் குதிரையும் குடிலின் ராசாவும்

அன்றைக்கு மாதா கோயில் வாசலில் இருந்தவர்கள்: நீ, நான், உன்னைப் பெற்ற ஆத்தா, என்னைப் பெற்ற ஆத்தா, சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சவரிமுத்து, திருச்சிக் கன்னியர் மடத்திலிருந்து வந்திருந்த மதர், நமக்குக் கைவேலை வகுப்பு எடுத்த ரீத்தா டீச்சர், ஆட்டுக்குட்டி செய்த பிலோமி, வாய் சும்மா இருக்கத் தெரியாத அருளாயிக் கிழவி. ஊர்ச்சனமும் நின்றது. அவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், அவர்களைச் சேர்க்கவில்லை. நீ இருந்திருந்தால், "இதையெல்லாம் எதுக்குடி இன்னும் நெஞ்சுக்குள்ள வச்சிருக்கே?" என்று கேட்டிருப்பாய். வேறு எங்கே வைக்கச் சொல்கிறாய்?

நீ போய்ச் சில வருஷமாகிவிட்டது. இன்று காலையில் என் பேத்தி ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள். உள்ளே சிவப்பு, பச்சை, மஞ்சளில் களிமண்ணாம். மோந்து பார்த்தேன். மண் வாசமே இல்லை, சோப்புக்கட்டி வாசம். பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு மிருகம் செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். "அப்பத்தா, இது காயவே காயாது. பிடிக்கலைன்னா அழிச்சிட்டுத் திரும்பச் செய்யலாம்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போனேன், கொல்லைக்குப் போனேன், துவைத்த துணியையே மறுபடி நனைத்தேன். கடைசியில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருக்கும். அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தானே நீயும் நானும்.

அந்த வகுப்பு வருகிற வரைக்கும் நமக்குப் பள்ளிக்கூடம் என்றால் வாய்ப்பாடும் செபமும் பிரம்பும்தான். புதுக்கோட்டை ராசா சமஸ்தானத்தைக் கொடுத்துவிட்ட கதையை டீக்கடையில் இன்னும் பேசிக்கொண்டிருந்த காலம். ரீத்தா டீச்சர் பயிற்சி முடித்த கையோடு நம் ஊருக்கு வந்தார். "இனிமே வெள்ளிக்கிழமை மத்தியானம் புத்தகம் வேண்டாம்" என்றார். நமக்கு நம்ப முடியவில்லை. தக்ளியில் நூல் நூற்றோம். பனையோலையில் கிலுகிலுப்பை முடைந்தோம். என் நூல் ஒரு முழம் ஓடுவதற்குள் அறுந்துவிடும். உன்னுடையது அறுந்து நான் பார்த்ததில்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் கண்மாயிலிருந்து மண் எடுத்துவரச் சொன்னார்.

முதல் வாரம் எல்லோரும் ஆடு செய்து வெயிலில் வைத்தோம். மறுநாள் எல்லா ஆடும் முதுகில் வெடித்துக் கிடந்தது. பிள்ளைகள் அழுதார்கள். நீ அழவில்லை. வெடித்த ஆடு ஒன்றை இரண்டாகப் பிளந்து உள்ளே பார்த்தாய். "வெளிய காஞ்சிருக்கு, உள்ள ஈரமா இருக்கு. அதான் பிச்சுக்கிது" என்றாய். அடுத்த வாரம் வைக்கோலைச் சுருட்டி, அதைச் சுற்றி மண்ணை அப்பி, நிழலில் காயவைத்தாய். உன் ஆடு வெடிக்கவில்லை. டீச்சர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்தான்.

அந்த வருஷம் உனக்கு என்ன தலைக்குமேல் தொங்கியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் திருமயம் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குப் பிள்ளை தூக்கும் வேலைக்கு உன்னை அனுப்புவதாக உன் ஆத்தா ஒத்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். உங்கப்பா இறந்து அடுப்பு எரிவதே பாடாக இருந்த வீடு. அந்த நேரத்தில்தான் டீச்சர் சொன்னார், திருச்சி மதர் கிறிஸ்துமஸுக்குக் குடில் பார்க்க வருகிறார், கைவேலை நன்றாக வருகிற ஒரு பிள்ளையைத் தங்கள் போர்டிங்கில் சேர்த்துக்கொள்வார், தையலும் படிப்பும் சொல்லிக்கொடுப்பார் என்று. உன் ஆத்தாவும், "அவுக கேட்டா அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் திருச்சியில இருந்து ஒனக்குக் கடுதாசி போடுவேன். நீயே படிக்கணும், ஆளைத் தேடக்கூடாது. இப்பவே எழுத்துக் கூட்டிப் பழகிக்கோ" என்றாய். நான் அன்றிலிருந்து கடைப் பலகை, பஸ் பலகை ஒன்றும் விடாமல் எழுத்துக் கூட்டினேன். அந்தக் கடுதாசி வரவில்லை.

பாலன் பிறந்த குடிலில் வருஷா வருஷம் வைக்கும் பழைய பொம்மைகள் அந்த வருஷ மழையில் கூரை விழுந்து நொறுங்கிப் போயிருந்தன. "நம்ம பிள்ளைகளே செய்யட்டும்" என்றார் டீச்சர். ஆடு, மாடு, இடையர்கள் எல்லாம் சுலபம், தினம் பார்க்கிறவை. பாலனைப் பார்க்க வரும் மூன்று ராசாக்கள் எதில் வருவார்கள் என்பதில்தான் தகராறு. டீச்சர் கரும்பலகையில் ஒட்டகம் வரைந்து காட்டினார். அதைப் பார்த்துப் பிலோமி, "டீச்சர், மாடு எதுக்குக் குடத்தைச் சுமக்குது?" என்று கேட்டாள். வகுப்பே உருண்டு சிரித்தது, டீச்சரும் சிரித்தார்.

"சரி விடுங்க, ராசா குதிரையில வரமாட்டாரா? குதிரை செய்யி" என்றார் உன்னைப் பார்த்து.

"குதிரைன்னா விராலிமலை ரோட்டுல ஜட்காக் குதிரைதான் பாத்திருக்கேன் டீச்சர். எலும்பும் தோலுமா இருக்கும். அதுல ராசா ஏறுவாரா?" என்றாய். கொஞ்சம் யோசித்து, "கண்மாய்க்கரையில இருக்கே டீச்சர், அதுதான் ராசா ஏறுற குதிரை" என்றாய்.

கண்மாய்க்கரை என்றால் அய்யனார் கோயில். அங்கே நேர்ந்துகொண்டவர்கள் வைத்த மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஆளைவிட உயரம். கழுத்து நிறைய மணி, பிதுங்கின கண், இளித்த பல். நம் ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது என்பது உபதேசியாரின் கட்டளை. ஆனாலும் டீச்சர் சொன்னார்: "மண்ணுதானே? அதுவும் ஒருத்தர் கையால செஞ்சதுதானே? கண்ணு பாத்தாத்தான் கை செய்யும். வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்."

வந்தார். அதை நான் இரண்டு தடவை எழுதுவேன். கூடவே வந்தார். நீ, நான், அவர், மூன்று பேர். பாலை மர நிழலில் நின்றுகொண்டு, "மணி எப்படிக் கோத்திருக்கு பாரு. காது எப்படி நிமிந்து நிக்கிது பாரு. கால் உருளையா, உள்ளே கூடு" என்று விரலால் தட்டிக் காட்டினார். தட்டினால் குடம் மாதிரிச் சத்தம் கேட்டது. உனக்கு அந்தச் சத்தம் போதுமாயிருந்தது.

உன் குதிரை முழங்கை நீளம் இருந்தது. மண்ணில் உமி கலந்து மிதித்தாய். முதலில் நாலு காலையும் உருளையாக நிறுத்தி, அது இறுகிய பிறகுதான் உடம்பை ஏற்றினாய். நான் அவசரப்பட்டு, "தலைய வையிடி, தலைய வையி" என்று பிடுங்கினேன். "காலு நிக்காம தலை எதுக்கு?" என்றாய். வரட்டி அடுக்கிச் சுட்டோம். சுண்ணாம்பில் பல், அடுப்புக்கரியில் கண். அதன்மேல் ஒரு ராசாவை உட்கார வைத்தாய். ராசா சின்னதாகப் போய்விட்டார், குதிரை பெரிது. அது ஒன்றுதான் குறை.

பண்டிகைக்கு முந்தின நாள். குடில் முன்னால் மதர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். உன் குதிரை முன் வந்ததும் நின்றுவிட்டார். "இது யார் செய்தது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டார். உன் ஆத்தா உன்னை முன்னால் தள்ளினாள். அந்த நேரம் பார்த்து அருளாயிக் கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அடி ஆத்தி, அய்யனாருல்ல வந்துட்டாரு பாலனைப் பாக்க! ராசா எறங்கி நடக்கட்டும், அவரு ஏறட்டும்!" என்றாள். ஊர்ச்சனம் முழுக்கச் சிரித்தது.

உபதேசியார் முகம் கருத்துவிட்டது. "யாரு இதைச் சொல்லிக்கொடுத்தா?" என்றார்.

நீ டீச்சரைப் பார்த்தாய், அவ்வளவுதான். எல்லாரும் உன் கண் போன திக்கில் பார்த்தார்கள். டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, "எனக்குத் தெரியாதுங்க. நான் ஒட்டகம்தான் வரைஞ்சு காட்டினேன். போர்டுல இன்னும் இருக்கு, வந்து பாருங்க" என்றார்.

"பொய்யி! கண்மாய்க்கரைக்கு அவுகளும்தான் வந்தாக! காலைத் தட்டிக் காட்டினாக!" என்று கத்தினேன். என் ஆத்தா கொடுத்த அறையில் காது அடைத்துப் போயிற்று. "டீச்சரையாடி சொல்றே!" என்றாள். மறுபடி கத்தினேன். மறுபடி அறைந்தாள். உபதேசியார் குதிரையைத் தூக்கி வாசல் கல்லில் போட்டார். உள்ளே கூடு அல்லவா, குடம் உடைகிற சத்தம்தான். மதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போர்டிங்குக்குப் பிலோமியைக் கூட்டிப்போனார். பிலோமியின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவள் ஆட்டுக்குட்டி முதுகில் வெடிப்பு இருந்தது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

நீ திருமயம் போனாய். பள்ளிக்கூடம் எனக்கும் கசந்துபோயிற்று.

எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு நீ கல்யாணமாகி நம் ஊருக்கே வந்தாய், என் தெருவுக்கே வந்தாய். அது நான் செய்த புண்ணியம். ஒரு பிள்ளைக்குக்கூட நீ மண்பொம்மை செய்து கொடுத்ததில்லை. ஆனால் தெருவில் யார் வீட்டுக்கு அடுப்புப் போடவேண்டும் என்றாலும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். என் வீட்டு அடுப்பையும் நீதான் போட்டாய். சாணி மெழுகும்போது ஒருநாள் பின்பக்கம் கையை விட்டேன். பானை உட்காரும் மூன்று குமிழில் சுவரைப் பார்த்த குமிழ் கையில் வேறு மாதிரித் தட்டுப்பட்டது. எட்டிப் பார்த்தால் இரண்டு காது, பிதுங்கின கண். உன்னிடம் ஓடி வந்தேன்.

"ஏண்டி, குதிரை இருக்கு, ராசாவைக் காணோமே?"

"ராசா எறங்கித்தான் ஒன் வீட்டுல கஞ்சி குடிக்கிறாரு. ஒன் புருசன்கிட்ட சொல்லிறாதே" என்றாய்.

தெரு முழுக்க அடுப்பின் பின்னால் குதிரை நின்றது, ஒருத்திக்கும் தெரியாது. நாம் இரண்டு பேரும் எந்த வீட்டில் விருந்து சாப்பிட்டாலும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

டீச்சரைப் பற்றி மட்டும் நமக்குள் ஒத்துப் போனதே இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவருக்கு முறுக்குக் கொடுத்துவிடுவாய். "அவுகளுக்கு வேலை போயிருந்தா, வீட்டுல தம்பி தங்கச்சி என்ன பண்ணியிருக்கும்? நானா இருந்தாலும் பயந்துதான் போயிருப்பேன்" என்பாய். நீ பயந்திருக்க மாட்டாய். டீச்சரைப் பார்த்தாயே ஒழிய, அவர் பெயரை நீ சொல்லவில்லையே. பத்து வயதுப் பிள்ளை, அவரைக் காப்பாற்ற நினைத்தாய். அவர் ஒட்டகத்தைக் காட்டினார்.

இதுவரைக்கும் சொன்னது பழைய கணக்கு. உனக்குத் தெரியாத புதுக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தத் தாளே. உன் நினைவுப் பூசைக்கு டீச்சர் வந்திருந்தார். கையில் கோல், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள். உன் மகன் பெரிய மரியாதையாக நாற்காலி போட்டான். நம் அடுப்புக் குதிரை ரகசியம் உன் மருமகள் மூலமாக அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. இளசுகள் போட்டோ எடுத்துப் போனில் காட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அதைப் பார்த்தார். எழுந்து நின்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இந்தக் குதிரை செய்ய நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கண்மாய்க்கரைக்கு நானே கூட்டிட்டுப் போனேன். கண்ணு பாத்தாத்தான் கை செய்யும்னு சொல்லிக்கொடுத்தேன்."

கை தட்டினார்கள். உன் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அந்தப் பழைய அறை காதில் மறுபடி கேட்டது. டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். "வயசாயிருச்சு, கோவம் வருது" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

என் மகன் கொல்லையில் சிமெண்டு போடவேண்டும், சுவரோரம் நீ போட்ட அந்த அடுப்பை இடிக்கிறேன் என்று நச்சரிக்கிறான். நான் இருக்கிறவரை தொடக்கூடாது என்றிருக்கிறேன். இன்றைக்குப் பேத்தியின் பாக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, கொல்லை மண்ணைக் குழைத்துக் கொடுத்தேன். நிறையக் கல் பொறுக்க வேண்டியிருந்தது. தலையை முதலில் செய்யப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன். "காலு நிக்காம தலை எதுக்கு?" என்றேன். வைக்கோல் இல்லை. பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே வைத்தோம். அது இப்போது வாசல் நிழலில் காய்கிறது, நாலு காலில் நிற்கிறது.

"யாரு அப்பத்தா இதை ஒனக்குச் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டாள்.

உன் பெயரைச் சொன்னேன். திரும்பச் சொல்ல வைத்தேன்.

உபதேசியாரை எப்போதோ விட்டுவிட்டேன். அவர் அப்பா காலத்தில்தான் அய்யனாரை விட்டு மாதா கோயிலுக்கு வந்த குடும்பம். இவர்கள் இன்னும் அய்யனாரை விடவில்லை என்று மதர் திருச்சியில் போய்ச் சொல்லிவிடுவாரோ என்று நடுங்கினார், நடுக்கத்தில் உடைத்தார். அருளாயிக் கிழவியை விட்டுவிட்டேன். அவளுக்கு எதற்கும் சிரிக்கத்தான் தெரியும். மதரை விட்டுவிட்டேன். கை நீட்டிய என் ஆத்தாவை அவள் சாகக் கிடந்தபோது விட்டுவிட்டேன். நீ எல்லாரையும் விட்டுவிட்டாய், அது உன் குணம். எனக்கு அந்தக் குணம் வரவில்லை. கேட்டபோது இல்லை என்று சொல்லி, கை தட்டுவார்கள் என்று தெரிந்தபோது ஆமாம் என்று சொன்ன ஒருவரை நான் விடப்போவதில்லை.

ரீத்தா டீச்சர்.