தெரியல டீச்சர்

என்னவருக்கு,

நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா?

இங்கே என் வகுப்பில் சுவரோர பெஞ்சுக்கு மக்கு பெஞ்ச் என்று பெயர். ஊருக்கு வெளியிலிருந்து பஸ் பிடித்துத் தாமதமாக வரும் பிள்ளைகளுக்கு அதுதான் மிச்சம். எல்லாப் பரீட்சையிலும் ஃபெயில். "எழுத்தே தெரியாதுங்க அதுகளுக்கு," என்றார் தலைமையாசிரியர்.

நேற்று அதில் ஒருத்தியிடமே, எழுத்து தெரியாதா என்று கேட்டேன்.

"ஆமா, தெரியல டீச்சர். இங்க வந்து உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். எதிர் ஜன்னல் வெயிலில் கரும்பலகை ஆறு போல் மினுங்கியது. நான் எழுதியதெல்லாம் அதில் கரைந்து போயிருந்தது. கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

நம் படுக்கையறையின் நீலத் திரைச்சீலையை அனுப்பிவையுங்கள். பெல் அடித்துவிட்டது, ஓடுகிறேன். இனி காலை வெயில் உங்கள் முகத்தில் விழும். என்னைத் திட்டிக்கொண்டே எழுந்திருங்கள். எனக்கு இங்கே கேட்கும்.

உங்கள் டீச்சரம்மா